மதுரை வெயிலில் கணினிக்குத் தண்ணீர்: முதல் லூப்புக்கு ஒரு கணக்கு

மே மாதத்தில், மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் ஒரு மதுரை வீட்டு அறையில் சாயங்காலம் ஆறு மணிக்கு தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். ஃபேன் முழு வேகத்தில் சுற்றினாலும் 36, 37 டிகிரி காட்டும். பகல் முழுக்க வெயிலைக் குடித்த கான்கிரீட் அதை ராத்திரி பத்து மணி வரை நம் தலையில் இறக்கிக்கொண்டே இருக்கும். வாட்டர் கூலிங் பற்றி இணையத்தில் கிடைக்கிற வழிகாட்டிகளில் பெரும்பாலானவை 21, 22 டிகிரி அறைகளில் உட்கார்ந்து எழுதப்பட்டவை. அதில் வருகிற பொருள் பட்டியலை அப்படியே வாங்கி இங்கே மாட்டினால் என்ன ஆகும்? நடுவில் இருக்கிற அந்த 15 டிகிரிக்கு யார் பொறுப்பு? இந்தக் கட்டுரை அந்த 15 டிகிரியைப் பற்றியதுதான்.

நான் ஏன் இதில் இறங்கினேன் என்றும் சொல்லிவிடுகிறேன். பழைய தமிழ் அச்சு நூல்களின் ஸ்கேன் பக்கங்களை எழுத்துணரிக்குக் கொடுத்துப் பழக்குவது என் பொழுதுபோக்கு ஆராய்ச்சி. கிராபிக்ஸ் கார்டு ஆறு, எட்டு மணி நேரம் இடைவிடாமல் ஓடும். கேம் ஆடுபவர்களுக்கு இரண்டு மணி நேரப் பிரச்சினை, எனக்கு ராத்திரி முழுக்க.

தண்ணீர் குளிரவைக்காது

முதலில் இந்தக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். வாட்டர் கூலிங் என்ற பெயரைக் கேட்டதும் நமக்கு மண்பானை ஞாபகம் வருகிறது. பானைத் தண்ணீர் சில்லென்று இருப்பது அதன் சுவரில் கசியும் நீர் ஆவியாகிப் போவதால். அறை 39 டிகிரி, ஈரப்பதம் 35 சதவீதம் என்றால், ஆவியாதலால் கொள்கையளவில் 26 டிகிரி வரைகூட இறங்க முடியும். கணினி லூப்பில் இது நடக்காது. அது மூடிய குழாய். ரேடியேட்டரில் எதுவும் ஆவியாவதில்லை. ஆகவே அதில் ஓடும் தண்ணீர் ஒருபோதும் அறைக் காற்றைவிடக் குளிராது. அறை 37 என்றால் தண்ணீர் 37க்கு மேலேதான் இருக்கும். (இதில் ஒரு நல்ல செய்தி: தண்ணீர் காற்றைவிடச் சூடாக இருப்பதால் குழாயின் மேல் வியர்வை கட்டாது. ஐஸ் போட்டாலோ சில்லர் வைத்தாலோதான் அந்தப் பயம்.)

அப்படியானால் தண்ணீர் என்னதான் செய்கிறது? மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் லோடுமேன் செய்வதைச் செய்கிறது. லாரியில் இருக்கும் மூட்டையைத் தூக்கிக் கடையில் போடுகிறது. மூட்டையைக் காணாமல் அடிக்கத் தெரியாது. கடை நிரம்பிவிட்டால் எத்தனை லோடுமேன் வந்தும் பிரயோஜனம் இல்லை.

ஆனால் லோடுமேன் என்றால் அப்படி ஒரு லோடுமேன். ஒரு நிமிடத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீர் ஓடினால், அது ஒரு டிகிரி சூடேறுவதற்குள் 70 வாட் வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு போகும். ரேடியேட்டரில் மாட்டிய 120 மில்லிமீட்டர் ஃபேன் நிமிடத்துக்குத் தள்ளுவது சுமார் 850 லிட்டர் காற்று என்று வைத்துக்கொள்வோம். அவ்வளவு காற்றும் சேர்ந்து ஒரு டிகிரிக்குத் தூக்குவது 16 வாட்தான். கன அளவுக்குக் கன அளவு பார்த்தால் தண்ணீர் காற்றைப்போல் கிட்டத்தட்ட 3500 மடங்கு வெப்பம் சுமக்கும். விரல் தடிமன் குழாயில் ஒரு சின்ன பம்பை வைத்து இவ்வளவு தூரம் வெப்பத்தைக் கடத்த முடிகிறது என்றால் காரணம் இதுதான்.

இதிலிருந்தே இன்னொரு சந்தேகமும் தீரும். தண்ணீர் முதலில் சிபியுவுக்குப் போகணுமா, கிராபிக்ஸ் கார்டுக்குப் போகணுமா என்று மணிக்கணக்கில் சண்டை போடுவார்கள். நிமிடத்துக்கு நாலு லிட்டர் ஓடும் லூப்பில் 340 வாட் ஏற்றினால் மொத்தச் சுற்றிலும் வித்தியாசம் 1.2 டிகிரி. எப்படி வேண்டுமானாலும் மாட்டுங்கள். தண்ணீர்த் தொட்டி பம்புக்கு முன்னால், அதன் வாய்க்கு மேலே இருந்தால் போதும். பம்ப் காற்றை உறிஞ்சக் கூடாது.

தொட்டி பெரிதாக இருந்தால் அதிகம் குளிரும் என்பதும் பொய். இரண்டு லிட்டர் தண்ணீரை 340 வாட் நாலு நிமிடத்தில் பத்து டிகிரி ஏற்றிவிடும். நாலு லிட்டர் என்றால் எட்டு நிமிடம். தள்ளிப்போடும், அவ்வளவுதான்.

மேலிருந்து கீழே ஒரு கூட்டல்

திட்டமிடுவது என்றால் பொருள் பட்டியலில் ஆரம்பிக்கக் கூடாது, அறை வெப்பத்தில் ஆரம்பிக்க வேண்டும். அறைக்கு மேல் தண்ணீர் எத்தனை டிகிரி, தண்ணீருக்கு மேல் சிப் எத்தனை டிகிரி. மூன்றையும் கூட்டினால் கடைசி எண் வந்துவிடும்.

என் மெஷினையே எடுத்துக்கொள்கிறேன். ரைசன் 7 5800எக்ஸ், அதிகபட்சம் 142 வாட். ஆர்டிஎக்ஸ் 3080, 320 வாட். இரண்டும் சேர்ந்து 460 சொச்சம். ஓரளவு நல்ல ரேடியேட்டர், மிதமான ஃபேன் வேகம் என்றால், அறையைவிடத் தண்ணீர் பத்து டிகிரி மேலே இருக்கும்போது ஒரு 120 மில்லிமீட்டர் பகுதி 70லிருந்து 100 வாட் வரை வெளியேற்றும். 460 வாட்டுக்கு அப்படி ஐந்து பகுதியாவது வேண்டும். அதாவது மூன்று ஃபேன் ரேடியேட்டர் ஒன்று, இரண்டு ஃபேன் ரேடியேட்டர் ஒன்று. இதைக் குறைத்தால் தண்ணீர் இன்னும் சூடாகும். பாதியாக்கினால் பத்து டிகிரி இருபது ஆகும்.

அறை 37, தண்ணீர் 47 முதல் 50. இங்கேயே கொஞ்சம் நின்று யோசிக்கணும். வீட்டு லூப்புகளில் பிரபலமான டி5 வகை பம்புக்கு தண்ணீர் 60 டிகிரி வரைதான் அனுமதி. பெட்ஜி பிளாஸ்டிக்கில் வரும் கண்ணாடி போன்ற விறைப்புக் குழாய்களையும் 60க்குக் கீழே வைத்திருக்கத்தான் சொல்வார்கள். அதற்கு மேல் போனால் இளகி, பிட்டிங்கிலிருந்து நழுவும் அபாயம். 22 டிகிரி ஊர்க்காரருக்கு இந்த எல்லை கண்ணுக்கே தெரியாத தூரத்தில் இருக்கிறது. நமக்குப் பக்கத்து வீடு. ஒரு ஃபேன் நின்றாலோ தூசி அடைத்தாலோ தொட்டுவிடுவோம். முதல் லூப்புக்குக் கறுப்பு ஈபிடிஎம் ரப்பர் குழாய்தான் என் தேர்வு. போட்டோவுக்கு அழகாக இருக்காது. பரவாயில்லை.

அடுத்து சிப். இங்கே ஒரு வேடிக்கை. 320 வாட் தின்னும் கிராபிக்ஸ் கார்டைத் தண்ணீர் சுலபமாக அடக்கிவிடும், 142 வாட் சிபியுதான் முரண்டு பிடிக்கும். காரணம் பரப்பளவு. 3080இன் சிப் 628 சதுர மில்லிமீட்டர். 5800எக்ஸில் கணக்குப் போடும் கோர்கள் இருக்கும் துண்டு வெறும் 81 சதுர மில்லிமீட்டர். நகக் கண் அளவு இடத்திலிருந்து நூறு வாட்டுக்கு மேல் வெளியே வர வேண்டும். வெப்பம் தண்ணீரைத் தொடுவதற்கு முன்பே சிலிக்கான், மூடி, பேஸ்ட், செம்பு என்று வரிசையில் நின்று தள்ளாடுகிறது. ஆகவே கிராபிக்ஸ் கார்டு தண்ணீரைவிட 15, 20 டிகிரி மேலே நின்றால் சிபியு 35, 40 மேலே நிற்கும். 50ஓடு 40ஐக் கூட்டுங்கள், 90. அந்த சிபியுவுக்கு ஏஎம்டி விதித்திருக்கும் உச்ச வரம்பு 90தான். அதாவது இவ்வளவு செலவு செய்தும் மே மாதத்தில் அது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் வாசலில் நிற்கும்.

ஆக, காசு செலவழிப்பதற்கு முன் காசில்லாத வேலையைச் செய்துவிட வேண்டும். கிராபிக்ஸ் கார்டின் மின் வரம்பை 320லிருந்து 250 வாட்டுக்கு இறக்கினால் வேகம் குறைவது பெரும்பாலும் பத்து சதவீதத்துக்குள்தான். சிபியுவை பயாஸில் 65 வாட் ஈகோ மோடில் போட்டால் உச்சம் 88 வாட்டில் நிற்கும். மொத்தம் 340. அதே ஐந்து பகுதி ரேடியேட்டரில் தண்ணீர் இப்போது அறையைவிட ஏழு டிகிரிதான் மேலே. இதைச் செய்து பார்த்ததும் பலருக்கு வாட்டர் கூலிங்கே தேவைப்படாமல் போகலாம். அப்படிப் போனால் சந்தோஷமாக இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிடலாம்.

மூட்டையை எங்கே இறக்குவது?

இன்னும் படிக்கிறவர்களுக்கு முக்கியமான கேள்வி. ரேடியேட்டர் கேபினெட்டுக்குள் இருந்தால் வெப்பம் அறைக்குள்தான் விழும். ஏர் கூலரில் ஓட்டினாலும் அதே வெப்பம், அதே அறை. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, பத்தடி உயரம், கதவு ஜன்னல் சாத்தியிருக்கிறது. உள்ளே இருக்கும் காற்று நாற்பது கிலோவுக்கும் குறைவு. சுவரும் தரையும் கொஞ்சம்கூட வாங்கிக்கொள்ளாது என்று வைத்தால், 460 வாட் அந்தக் காற்றை ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு டிகிரி ஏற்றும். நிஜத்தில் சுவர் வாங்கிக்கொள்கிறது, அதனால் நாம் பிழைக்கிறோம். ஆனால் சுவர் வாங்கியது ராத்திரி திரும்பி வரும். அறை மூன்று டிகிரி ஏறினால் தண்ணீரும் மூன்று, சிப்பும் மூன்று ஏறும்.

இந்தக் கேள்விக்குப் பெரியவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க மதுரையிலிருந்து இரண்டரை மணி நேரம் போனால் போதும். திருச்சி என்ஐடியில் பரம் பொருள் என்ற சூப்பர் கணினி இருக்கிறது. தேசிய சூப்பர் கணினித் திட்டத்தில், சி-டாக் அமைத்தது. 838 டெராஃப்ளாப்ஸ். 2022 மே 25 அன்று தொடங்கி வைத்தார்கள்.  அதில் இருப்பது நேரடித் தொடுகைத் திரவக் குளிர்விப்பு. பெரிய பெயர்தான், தத்துவம் நம் லூப்புதான்: சிப்பின் தலையில் உலோகத் தகடு, தகட்டுக்குள் திரவம். ஆயிரக்கணக்கான கோர்கள் விடும் வெப்பத்தை ஹால் காற்றில் கொட்டி, பிறகு ஏசியால் அந்தக் காற்றைக் குளிர்விப்பது இரட்டை வேலை. திரவத்தில் ஏற்றிவிட்டால் கட்டடத்துக்கு வெளியே கொண்டுபோய் இறக்கலாம். ஏசி கரண்ட் மிச்சம். 2010இல் சூரிச்சில் ஐபிஎம்மும் அங்குள்ள ஈடிஎச் பல்கலைக்கழகமும் அமைத்த அக்வாசார் இன்னும் ஒரு படி மேலே போனது. 60 டிகிரி வெந்நீரையே சிப்புக்கு அனுப்பினார்கள். வெளியே வந்த இன்னும் சூடான தண்ணீரை வளாகக் கட்டடங்களைச் சூடாக்கப் பயன்படுத்தினார்கள். சிப்புக்கு வெந்நீரே போதும் என்பதற்கு அது சாட்சி. (சூரிச்சில் வெந்நீருக்கு ஆள் இருக்கிறார்கள். மே மாத மதுரையில் யாருக்குக் கொடுப்பது?)

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். நம் ஊரில் வாட்டர் கூலிங் செய்வதற்கு ஒரே வலுவான காரணம், வெப்பத்தை அறையைவிட்டு வெளியே கொண்டுபோக முடியும் என்பது. ரேடியேட்டரையும் கேபினெட்டுக்குள் வைப்பதாக இருந்தால் கிடைப்பது கொஞ்சம் அமைதி, சிப்பில் சில டிகிரி. முழு கஸ்டம் லூப்புக்கு ஆகும் செலவில் ஒரு டன் ஸ்ப்ளிட் ஏசியே வாங்கிவிடலாம். ஏற்கெனவே ஏசி இருக்கிற அறை என்றால் இந்தக் கட்டுரையின் பாதிக் கவலை உங்களுக்கு இல்லை. ஒரு டன் ஏசி 3500 வாட் வெப்பத்தை வெளியேற்றக் கூடியது, கணினியின் 340 அதில் பத்தில் ஒரு பங்கு. கூடுதலாக நூறு, நூற்றைம்பது வாட் கரண்ட் இழுக்கும், அவ்வளவே. அவர்கள் ஒரு நல்ல ஏர் கூலரோ மூடிய ஏஐஓவோ போட்டுவிட்டுப் போகலாம்.

ஏசி இல்லாத அறைக்கு என் திட்டம்: இரண்டு ரேடியேட்டரும் சுவருக்கு வெளியே, வடக்குப் பக்க சன்ஷேடுக்குக் கீழே. ஏசிக்கென்று போட்டு, பிறகு பயன்படாத துளை சுவரில் இருந்தால் அதன் வழியே இரண்டு குழாய். போக ஆறு மீட்டர், வர ஆறு மீட்டர். உள்விட்டம் பத்து மில்லிமீட்டர் குழாயில் மீட்டருக்கு 78 மில்லிலிட்டர், ஆக குழாயில் மட்டும் ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரு டி5 பம்ப் இந்தத் தூரத்தைத் தாங்கும். சுவருக்கு உள்பக்கம் குயிக் டிஸ்கனெக்ட் பிட்டிங் இரண்டு போட்டால் கணினியைக் கழற்றும்போது தண்ணீர் முழுவதையும் வடிக்க வேண்டாம்.

இதனால் என்ன லாபம்? மே மாதம் ராத்திரி பத்து மணிக்கு அறை 34 என்றால் வெளியே 30. நள்ளிரவுக்கு மேல் இன்னும் இறங்கும். அறைச் சூடு ஏறாது, தண்ணீர் 37லேயே ஓடும். பிற்பகலில் கதை வேறு. மூன்று மணிக்கு நிழலிலும் 39 அடிக்கும், அப்போது தண்ணீர் 46. பெரிய வேலைகளை ராத்திரிக்குத் தள்ளிவிட வேண்டியதுதான். தூங்கும்போது மெஷின் ஓடட்டும்.

வெளியே வைப்பதில் இம்சையும் உண்டு. சாதாரண கணினி ஃபேனுக்கு மழை ஆகாது. ஐப்பசி, கார்த்திகைச் சாரல் பக்கவாட்டில் அடிக்கும். தகர மறைப்பு கொஞ்சம் இறக்கமாக வேண்டும். அணில் குழாயைக் கடித்துப் பார்க்கும். துடுப்புகள் நெருக்கமான ரேடியேட்டர் வாங்கினால் நம் ஊர்த் தூசி இரண்டே மாதத்தில் அடைத்துவிடும். இடைவெளி அதிகமுள்ளதாக வாங்கி, மாதம் ஒருமுறை பிளோயரால் ஊத வேண்டும்.

சம்ப் ஆசை

இந்த இடத்தில் எல்லாருக்கும் ஒரு யோசனை வரும். வீட்டில்தான் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதே, அதில் விட்டால் என்ன? மொட்டைமாடித் தொட்டி வேண்டாம், மே மாதப் பகலில் அந்தக் குழாயைத் திறந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஆனால் தரைக்குக் கீழே இருக்கும் சம்ப் நிஜமாகவே ஆசை காட்டும். 5000 லிட்டர் சம்ப்பை ஒரு டிகிரி ஏற்ற கிட்டத்தட்ட 21 மெகாஜூல் வேண்டும். 340 வாட் பத்து மணி நேரம் ஓடினால் 12 மெகாஜூல். ராத்திரி முழுக்க ஓட்டியும் அரை டிகிரிக்குச் சற்று மேல்! மூடிய லூப் என்பதால் உயரமும் தடையில்லை. ஏறுகிற தண்ணீரை இறங்குகிற தண்ணீரே இழுத்துக்கொள்ளும், பம்புக்குக் குழாய் உராய்வு மட்டுமே சுமை.

காகிதத்தில் இதைவிட அழகான திட்டம் கிடையாது. இருந்தும் முதல் லூப்புக்கு இதை நான் செய்ய மாட்டேன். வீடே குடிக்கும், சமைக்கும் தண்ணீரில் ஒரு செம்புச் சுருள் கிடக்கும். அதில் ஊசித்துளை விழுந்தால் லூப்பில் இருக்கும் ரசாயனம் சம்ப்பில் கலக்கும். மாடியில் கணினி, தரைக்குக் கீழே சுருள் என்றால் கீழ்ப்பக்கக் கசிவு மொத்தத் தண்ணீரையும் இழுத்துவிடும். பம்ப் வறண்டு ஓடும்.

எந்தத் தண்ணீர், எந்த உலோகம்

போர் தண்ணீரை லூப்பில் ஊற்றக் கூடாது என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. வாட்டர் ஹீட்டர் காயிலில் படியும் வெள்ளைப் படிவத்தைப் பார்த்தவர்கள்தான் நாமெல்லாம். சிபியு பிளாக்கின் உள்ளே இருக்கும் செம்பு வரிகளுக்கு நடுவே இடைவெளி அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. ஆர்ஓ தண்ணீரும் போதாது. அதில் கொஞ்சம் உப்பு மிச்சமிருக்கும், சில மெஷின்களில் தாது உப்பைத் திரும்பச் சேர்ப்பார்கள். டிஸ்டில்டு வாட்டர் நல்லது. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் பேட்டரி தண்ணியும் உப்பு நீக்கிய தண்ணீர்தான். ஆனால் பெயர் லேபிள் இல்லாத கேனை நம்பாதீர்கள். ஒரு டிடிஎஸ் மீட்டரை விட்டுப் பாருங்கள், ஐந்துக்குள் காட்ட வேண்டும். ஆசிட் கேன் வேறு, தண்ணி கேன் வேறு என்பதையும் கடையில் ஒருமுறை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். வெறும் சுத்தத் தண்ணீரும் நாளாக நாளாக உலோகத்தைக் கொஞ்சம் கரைத்துக்கொள்ளும், வெளிச்சம் பட்டால் பாசியும் பிடிக்கும். ஆகவே லூப்புக்கென்று விற்கும் அரிப்புத் தடுப்பான், பாசிக்கொல்லி இரண்டும் சொன்ன அளவில் சேர்க்க வேண்டும்.

உலோகத்தில் ஒரே விதி: செம்பு, பித்தளை, நிக்கல் பூச்சு இவை ஒரு ஜாதி, அலுமினியம் வேறு ஜாதி. ஒரே தண்ணீரில் செம்பும் அலுமினியமும் இருந்தால் அது ஒரு பேட்டரி. அலுமினியம் அரித்துக்கொண்டே போய்த் துளை விழும். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் ரேடியேட்டர்களில் பல அலுமினியம்தான், படத்தில் வித்தியாசம் தெரியாது. கார் ரேடியேட்டரைப் போட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கும் அதே பதில், இப்போதைய கார்களில் வருவது அலுமினியம். அப்போ மூடிய ஏஐஓக்களில் செம்புத் தகடும் அலுமினிய ரேடியேட்டரும் சேர்ந்துதானே வருகின்றன என்றால், ஆமாம். அங்கே தடுப்பான் கலந்த திரவத்தை ஆலையிலேயே அடைத்து சீல் வைத்துவிடுகிறார்கள். நாம் திறந்து ஊற்றும் லூப்பில் அந்தத் தைரியம் வேண்டாம்.

பிட்டிங்கின் மரை கால் இஞ்ச் ஜி அளவு. ஹார்டுவேர் கடையில் கால் இஞ்ச் பிஎஸ்பி என்று கேட்டால் புரியும், ஆனால் கூம்பு மரை உள்ளதையும் எடுத்து நீட்டுவார்கள். அது ஆகாது. நேர் மரையும் ஓரிங்கும் இருக்க வேண்டும். ஓரிங் இருக்கும் இடத்தில் டெஃப்லான் டேப் சுற்றக் கூடாது. கையால் இறுக்கி, அதற்கு மேல் கால் சுற்று போதும்.

எல்லாம் மாட்டியதும் உடனே கணினியை ஆன் செய்யாதீர்கள். மெயின் போர்டு, கிராபிக்ஸ் கார்டு, டிஸ்க் எல்லாவற்றின் மின் கேபிளையும் கழற்றிவிட்டு பம்புக்கு மட்டும் கரண்ட் கொடுக்க வேண்டும். பவர் சப்ளையின் 24 பின் கனெக்டரில் பச்சை வயரையும் ஏதாவது ஒரு கறுப்பு வயரையும் சின்னக் கம்பியால் இணைத்தால் அது தனியாக ஆன் ஆகும். வயர் எல்லாமே கறுப்பாக இருந்தால் கடையில் ஜம்பர் பிளக் கிடைக்கும். ஒவ்வொரு மூட்டுக்குக் கீழும் டிஷ்யூ பேப்பர் மடித்து வையுங்கள். பம்பை விட்டுவிட்டு ஓட்டி, கேபினெட்டை இப்படியும் அப்படியும் சாய்த்து, காற்றுக் குமிழி போகப் போகத் தொட்டியில் தண்ணீரை நிரப்பிக்கொண்டே வர வேண்டும். சுவருக்கு வெளியே ரேடியேட்டர் இருப்பதால் குமிழி போக ஒரு நாள்கூட ஆகலாம். 24 மணி நேரம் பம்ப் ஓடட்டும். கரண்ட் போய் வந்தாலும் பரவாயில்லை, அதுவும் ஒரு சோதனைதான். பம்ப் நின்றபோது தொட்டியில் நீர்மட்டம் குபுக்கென்று ஏறினால் வெளியே ரேடியேட்டரில் இன்னும் காற்று மிச்சம் இருக்கிறது. மறுநாள் எல்லா டிஷ்யூவும் காய்ந்தே இருந்தால், சன்ஷேடுக்குக் கீழே இருப்பது உட்பட, மெயின் போர்டு கேபிளை மாட்டலாம்.